றோட்டை விட்டு இறங்காதேங்கோ

இலங்கையின் வடக்குக்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரம் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அங்க இப்ப பாதுகாப்பா இருக்கா?" நானும் அதையே என் தோழியிடம் கேட்டேன். அவள் யாழ்ப்பாணத்துக்காரி. சென்னையில் என்னோடு நாலு வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது கனடாவில் இருக்கிறாள். போனில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "உனக்குப் பாதுகாப்புத்தான்" என்றாள். முதல் சொல்லை ஏன் அப்படி அழுத்தினாள் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

இந்தக் குறிப்புகளை அந்தந்த இரவே எழுதிவிட்டேன். ஆனால் ஊர் திரும்பி மூன்று வாரம் ஆன பிறகுதான் ஒரு நாளுக்கு ஒன்றாகப் பதிவிடுகிறேன். அங்கிருந்தபடியே ஏன் போடவில்லை என்பது படிக்கும்போது தெரியும். இதில் வருகிறவர்களுக்குப் பெயர் இல்லை. சிலருடைய ஊரையும் தொழிலையும் மாற்றியிருக்கிறேன்.

2025 ஜூலை 4, வெள்ளி. பலாலி

விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் இறங்கிவிட்டது. கதவைத் திறந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. சோளகக் காற்று என்கிறார்கள். ஆடி முடியும்வரை இப்படித்தானாம். வெயில் நம் ஊர் வெயில்தான், ஆனால் காற்று ஓயாமல் அடிப்பதால் வியர்ப்பதே தெரியவில்லை. மாலையில் கண்ணாடியைப் பார்த்தபோதுதான் முகம் கறுத்திருப்பது தெரிந்தது.

பலாலி விமான நிலையம் வெளிநாட்டு விமானங்களுக்குத் திறந்தது 2019 அக்டோபரில். சுற்றியிருப்பது வலிகாமம் வடக்கு. 1990இல் போர் காரணமாக அங்கிருந்த சனங்கள் வீட்டையும் தோட்டத்தையும் விட்டு ஓடினார்கள். பிறகு அந்த நிலம் ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாகிவிட்டது. பல ஆண்டுகளாகத் துண்டு துண்டாக விடுவிக்கிறார்கள், இன்னும் முடியவில்லை. வசாவிளானிலிருந்து பலாலி போகும் வீதியை இந்த ஏப்ரலில்தான் திறந்திருக்கிறார்கள், முப்பது ஆண்டுகளுக்கு மேல் மூடிக்கிடந்த பிறகு. அதுவும் நிபந்தனைகளோடு. திறந்தபோது சொன்னது இதுதான்: காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டும் போகலாம். நடந்து போகக்கூடாது, நடுவழியில் வண்டியை நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. தன் வீடு இருக்கும் தெருவில் ஒருவர் இறங்கி நின்று பார்க்க முடியாது. ஓட்டோ ஓட்டி வந்த அண்ணன் இதைச் சொன்னார், குரலில் கோபம்கூட இல்லை.

தோழியின் அம்மா வாசல் படலையிலேயே நின்றிருந்தார். "வாங்கோ பிள்ளை, களைச்சுப் போனியள்" என்று பையை வாங்கிக்கொண்டார். இரவுக்கு இடியப்பம், சொதி, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு. சொதியை நான் இதற்கு முன் ஓட்டல்களில் சாப்பிட்டிருக்கிறேன். அது சொதியே இல்லை என்று இன்று தெரிந்தது. தேங்காய்ப்பாலில் பச்சை மிளகாயும் தேசிக்காய்ப் (எலுமிச்சை) புளியும் அளவாக நின்று, இடியப்பம் நனைந்தும் குழையாமல் இருந்தது.

சாப்பிடும்போதே அம்மா விதிகளைச் சொல்லிவிட்டார். ஆறு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். எங்கே போகிறேன் என்று போகும்போது சொல்ல வேண்டும், போய்ச் சேர்ந்ததும் போன் பண்ண வேண்டும். கடையில் யாராவது அரசியல் கதைத்தால் சிரித்துவிட்டு எழும்பி வந்துவிட வேண்டும். இருட்டினால் என்ன பயம் என்று கேட்டேன். கண்ணிவெடியா, ராணுவமா என்று என் மனம் போனது. அவர் சொன்னது வேறு. "மோட்டச்சைக்கிள்ள பெடியள் ஓடுற ஓட்டம். பிறகு வாள்வெட்டு, போதைப்பொருள். சண்டைக்குள்ள இருந்து வந்தம், இப்ப இது."

ஜூலை 5, சனி. யாழ்ப்பாணம், கீரிமலை

காலையில் பொது நூலகம். வெள்ளைக் கட்டடம், முன்னால் சரஸ்வதி சிலை. 1981இல், மே 31ஆம் தேதி இரவு எரித்தார்கள். சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. இதைப் படித்துவிட்டுத்தான் போனேன், சுவரில் கரி எதையாவது எதிர்பார்த்தும் போனேன். உள்ளே பத்துப் பன்னிரண்டு பெண் பிள்ளைகள் ஏஎல் பரீட்சைக்கு, நம் பிளஸ் டூ மாதிரி, படித்துக்கொண்டிருந்தார்கள். மின்விசிறிச் சத்தமும் பக்கம் திருப்பும் சத்தமும்தான். ஒரு பிள்ளை தலைநிமிர்ந்து என்னைப் பார்த்து, பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியை என் பக்கம் தள்ளினாள். உட்கார்ந்தேன். அரை மணி நேரம் எதையும் படிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

நல்லூர் முருகன் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். விலைவாசி இவ்வளவு ஏறிய நாட்டில் அது மட்டும் அப்படியே நிற்கிறது. 2022 நெருக்கடிக்குப் பிறகு நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்றரை ரூபாய் வரை கிடைக்கிறது, அதனால் நமக்கு எல்லாம் மலிவு மாதிரித் தோன்றும். ஒரு சாப்பாடு 450 ரூபாய், பிளேன் டீ 50, நல்ல மீன் என்றால் ஆயிரத்தைத் தாண்டும். அங்கே நாட்கூலிக்குப் போகிறவருக்கு அது மலிவு இல்லை. நான் பேரம் பேசவில்லை.

மத்தியானம் அதே ஓட்டோவில் கீரிமலைக்குப் போனோம். கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊற்று, சுவர் கட்டிய கேணி. ஒரு பக்கம் உப்பலை, இந்தப் பக்கம் பையன்கள் குதிக்கும் நல்ல தண்ணீர். காலை நனைத்துவிட்டு ஓரத்தில் உட்கார்ந்து அண்ணனும் நானும் கச்சான் சாப்பிட்டோம். நிலக்கடலைக்கு அங்கே கச்சான் என்று பெயர். அவருக்கு 52 வயது, மூன்று பிள்ளைகள். ஏழு இடத்தில் அகதியாக இருந்ததை ஊர் ஊராகப் பேர் சொல்லி எண்ணினார்.

தவறு நடந்தது திரும்பி வரும்போதுதான். எந்த வீதி என்று எழுதப் போவதில்லை. வேலிக்குப் பின்னால் கூரையில்லாத ஒரு கல்வீடு. ஜன்னல் வழியாக உள்ளிருந்து ஆலமரம் வெளியே வந்திருந்தது. ஓடும் ஓட்டோவிலிருந்தே போனை நீட்டி ஒரு படம் எடுத்தேன். வீட்டைத்தான் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் காவல்கூண்டு இருந்தது. நூறு மீட்டர் போயிருப்போம், சீருடையில் இருவர் கையைக் காட்டி நிறுத்தினார்கள்.

என்னிடம் அவ்வளவு மரியாதை. "மேடம், இந்தியா?" என்று சிரித்தார் ஒருவர். படத்தைக் காட்டச் சொன்னார், அழிக்கச் சொன்னார். அழித்தேன், மன்னிப்பும் கேட்டேன். "பரவாயில்லை மேடம், என்ஜாய்" என்றார். அதே நேரம் மற்றவர் அண்ணனை இறக்கி, அந்தப் பக்கம் கூட்டிப்போய், ஐசியை (அடையாள அட்டையை) வாங்கிப் பார்த்து ஒரு நோட்டில் எழுதினார். ஓட்டோவின் நம்பரையும் போன் நம்பரையும் எழுதிக்கொண்டார். என்னை எங்கே ஏற்றினார், நான் யார் வீட்டில் இருக்கிறேன் என்றும் கேட்டிருக்கிறார். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம். யாரும் குரலை உயர்த்தவில்லை.

அப்புறம் நாங்கள் பேசாமல் வந்தோம். கொக்குவில் வந்தபோது நான், "என்னால் உங்களுக்குக் கஷ்டம், மன்னிச்சிடுங்க அண்ணா" என்றேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்க்காமல், "உங்களுக்கு ஒண்டும் இல்லைத் தங்கச்சி. பயப்பிடாதேங்கோ. எழுதினது என்ரை நம்பர்தானே" என்றார்.

பேசியது 2,500 ரூபாய். நான் 4,000 கொடுத்தேன். மிச்சத்தை எண்ணித் திருப்பித் தந்துவிட்டார்.

இரவு அம்மாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. வெளியே போய்ப் படலைச் சங்கிலியைப் பூட்டிவிட்டு வந்தார், அவ்வளவுதான். எனக்குத் தூக்கம் வரவில்லை. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவரின் தவறை உள்ளூர் அடையாள அட்டையில் எழுதுகிறார்கள். பயண முன்னெச்சரிக்கை என்று நான் படித்துவந்த எதிலும் இது இல்லை. அவற்றில் இருந்ததெல்லாம் எனக்கு என்ன ஆகும் என்பதுதான்.

ஜூலை 6, ஞாயிறு. ஏ9 வீதி, கிளிநொச்சி

ஒரு வார்த்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மூன்று நாளில் உயிர்ப்பயம் என்று எனக்கு உண்மையில் வந்தது தனியார் பஸ்ஸில்தான். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு 300 ரூபாய்க்குள். வீதி கண்ணாடி மாதிரி இருக்கிறது, அதுவே ஆபத்து. முன்னால் போகும் பஸ்ஸை முந்தினால் அடுத்த நிறுத்தத்தில் ஆள் கிடைக்கும் என்று ஓட்டுகிறார்கள். நடுவில் மாடுகள் படுத்திருக்கின்றன. நேரம் இருக்கிறவர்கள் ரயிலில் போங்கள். 1990இல் நின்ற யாழ்தேவி 2014இலிருந்து மறுபடி யாழ்ப்பாணம் வரை ஓடுகிறது.

நகரத்தை விட்டு வெளியே வந்ததும் பஸ்ஸில் பேச்சு நின்றது. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த வயதான பெண் இடது பக்க ஜன்னலைப் பார்த்துக் கையைக் குவித்தார். கோயில் எதுவும் இல்லையே என்று பார்த்தேன். செம்மணி. 1996இல் பாடசாலை மாணவி கிருஷாந்தி கொல்லப்பட்ட வழக்கில் 1998இல் தண்டனை பெற்ற சிப்பாய் நீதிமன்றத்தில் சொன்ன பிறகுதான் இங்கே புதைகுழிகள் இருப்பது வெளியே வந்தது. 1999இல் 15 உடல்களை எடுத்தார்கள். இந்தப் பெப்ரவரியில் சித்துப்பாத்தி மயானத்தில் தகன மேடை கட்டத் தோண்டியபோது மறுபடியும் எலும்புகள். நான் வந்திறங்குவதற்குச் சில நாள் முன்னால் ஒரு குழந்தையின் எலும்புகளோடு நீலநிறப் புத்தகப்பை கிடைத்திருந்தது. இறங்கிப் பார்க்கலாமா என்று வீட்டிலிருந்தபோது யோசித்திருந்தேன். அந்தப் பெண்ணின் கைகளைப் பார்த்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

பளையைத் தாண்டுவதற்கு முன் முகமாலை. போர்க்காலத்தில் ராணுவமும் புலிகளும் ஆண்டுக்கணக்கில் எதிரெதிரே நின்ற முன்னரங்கம் இது. அதனாலேயே நாட்டில் மிதிவெடி மிக அடர்த்தியாக இருந்த இடங்களில் ஒன்று. தலையில்லாத பனைகள் இன்னும் கம்பம் மாதிரி நிற்கின்றன. ஷெல் குண்டு தலையை வாங்கினால் பனை மறுபடி துளிர்க்காது. சில இடங்களில் வீதியிலிருந்து பார்க்கும் தூரத்திலேயே மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, அதற்குப் பின்னால் சிவப்புத் தலைக் குச்சிகள் வரிசையாக. பக்கத்திலேயே புது வீடு, கொடியில் பள்ளிச் சீருடை காய்கிறது.

ஆனையிறவில் நீரேரிக் காற்றோடு உப்பு வாசம் வருகிறது. 1991இலும் 2000இலும் பெரும் சண்டை நடந்த இடம். இப்போது உப்பளம் மறுபடி இயங்குகிறது.

கிளிநொச்சியில் தோழியின் சொந்தக்காரர்கள் வீடு. மதியம் குத்தரிசிச் சோறு, நண்டுக்கறி, முருங்கையிலை வறை. நண்டுக்கறியின் காரத்துக்குக் கண்ணில் நீர் வந்தது. வீட்டு மருமகள் சிரித்துக்கொண்டே தயிர் கொண்டுவந்து வைத்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போகிறாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடு. இந்த வேலையில் பெண்கள் நிறைய, அதில் பலர் போரில் கணவனை இழந்தவர்கள்.

நாம் எல்லாவற்றையும் கண்ணிவெடி என்கிறோம். அவள் திருத்தினாள். காலால் மிதித்தால் வெடிப்பது மிதிவெடி. அதிலும் வகை உண்டு. ராணுவம் புதைத்த பி4 சின்ன பிளாஸ்டிக் டப்பா மாதிரி, அதில் உலோகம் மிகக் குறைவு. புலிகள் செய்த ஜொனி மரப்பெட்டி. முன்னரங்க மண்ணெல்லாம் ஷெல் துண்டாகக் கிடப்பதால் உலோகங்காட்டி ஓயாமல் கத்துமாம், எது வெடி எது துண்டு என்று தெரியாது. அதனால் இங்கே வாரியை வைத்து வேலை செய்கிறார்கள். தோட்டத்தில் சருகு வாருகிற மாதிரி நீண்ட பிடி போட்ட வாரி. தரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, வெடி பக்கவாட்டில் தெரியும்வரை இழுக்க வேண்டும். தலைக் கவசம், முகக் கண்ணாடி, நெஞ்சுக்கவசம் போட்டுக்கொண்டு இந்த வெயிலில் முழங்காலில் இருந்து ஒரு நாளைக்குச் சில சதுர மீட்டர்.

இந்த வேலை 2002 போர்நிறுத்தத்திலிருந்து நடக்கிறது. மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. முழுவதும் முடிக்க வேண்டிய கெடு 2028 ஜூன். பணம் பெரும்பாலும் ஜப்பான், பிரிட்டன் போன்ற நாடுகளிடமிருந்து வருகிறது. முடியுமா என்று கேட்டேன். "காசு வந்தா முடிச்சிடுவம் அக்கா" என்றாள்.

பயணிகள் என்ன கவனிக்க வேண்டும் என்று கேட்டேன். அவள் உடனே சொல்லவில்லை. குழந்தைக்குத் தலைபின்னி முடித்துவிட்டுச் சொன்னாள். நான் அப்படியே தருகிறேன், ஏனென்றால் இதை இதைவிட நன்றாகச் சொல்ல எனக்குத் தெரியாது. "சனம் நடக்கிற பாதையில நடவுங்கோ. மாடு போகுது எண்டு நம்பிப் பின்னால போகாதேங்கோ. தெரியாத சாமான் கிடந்தா தொடாதேங்கோ, காலால தட்டவும் வேண்டாம். புதருக்குள்ள நெருப்பு வைக்காதேங்கோ, மண்ணுக்குக் கீழ என்ன கிடக்கெண்டு தெரியாது. பெருமழைக்குப் பிறகு துப்புரவாக்கின இடத்துக்கும் வெள்ளம் கொண்டுவந்து போடும். பெரிய விசயம், றோட்டை விட்டு இறங்காதேங்கோ."

ஜூலை 7, திங்கள். முல்லைத்தீவு

மிதிவெடி அகற்றும் அந்தப் பெண்ணுடைய தம்பியின் ஓட்டோ. போய்வர 9,000 ரூபாய். காலை ஆறரைக்குக் கிளம்பினோம், இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்பதற்காக. வன்னியில் மாலைக்கு மேல் யானை வீதிக்கு வரும்.

பரந்தனில் திரும்பி முல்லைத்தீவு வீதியில் போனோம். விசுவமடு, உடையார்கட்டு. இரண்டு பக்கமும் வயல், நடுவில் பற்றைக்காடு. காலையில் குடித்த தண்ணீர் தன் வேலையைக் காட்டியது. கடை எதுவும் கண்ணில் படவில்லை. ஓட்டோவை நிறுத்தச் சொல்லி, ஆள் நடமாட்டம் இல்லாததால் ஒரு புதர் மறைவை நோக்கி நடந்தேன். நேற்று மாலை நான் கேட்டு எழுதி வைத்தது எல்லாம் பையில் இருந்தது. அவசரத்தில் ஒன்றுகூட நினைவில் இல்லை.

"அக்கா! நில்லுங்கோ! அப்பிடியே நில்லுங்கோ!"

நின்றேன். அவன் ஓடி வரவில்லை, வீதி ஓரத்திலேயே நின்றான். குரலைத் தாழ்த்தி, "ஒண்டும் இல்லை. மெதுவாத் திரும்புங்கோ. வந்த காலடியில காலை வைச்சு வாங்கோ" என்றான். மணலில் என் செருப்புத் தடம் தெளிவாக இருந்தது. ஏழு அடி. ஏழாவது அடி வைக்கும்வரை மூச்சு விட்டேனா என்று எனக்கு நினைவில்லை.

அது துப்புரவாக்கிய இடமாகத்தான் இருக்கும் என்றான். ஒன்றும் இருந்திருக்காது என்றான். பிறகு, "ஆனா நாங்கள் போறேல்லை" என்றான். அவனுக்கு இருபத்தாறு வயது. 2009இல் போர் முடிந்தபோது பத்து. பள்ளிக்கூடத்தில் கணக்கோடு சேர்த்து இதையும் சொல்லிக்கொடுத்தார்களாம். தெரியாத இடத்தில் மாட்டிக்கொண்டால் நில், கூப்பிடு, வந்த தடத்திலேயே திரும்பு.

கொஞ்ச தூரத்தில் ஒரு வீட்டு வாசலில் நிறுத்தி, "அன்ரி, இந்த அக்கா ஒருக்கா உள்ளுக்கை போகவேணும்" என்றான். முன்பின் தெரியாத வீடு. அந்த அம்மா ஒரு வார்த்தை கேட்காமல் புது சோப்பை உறை பிரித்துக் கையில் தந்தார். வெளியே வந்தபோது தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது, பக்கத்தில் ஒரு தட்டில் பனங்கட்டி. கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும்.

சுவரில் ஒரு பையனின் படம். மாலை போடவில்லை. இறந்தவர் படத்துக்கு மாலை இருக்கும், இதற்கு இல்லை. பொட்டும் இல்லை. காலையில் துடைத்த ஈரம் கண்ணாடியில் தெரிந்தது. எனக்குப் புரிந்தது, ஆனால் கேட்கவில்லை. அவரே சொன்னார், படத்தைப் பார்க்காமல், என் கோப்பையைப் பார்த்து. 2009 மே மாதம் வட்டுவாகலில், மகனைத் தன் கையால் ராணுவத்திடம் ஒப்படைத்தது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாக்கள் போராட்டம் தொடங்கியபோது இவரும் போயிருந்தார். முழங்கால் விடவில்லை, இப்போது மாதம் ஒரு தடவைதான் போகிறார். அவரோடு உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று விரல்விட்டு எண்ணினார்.

கிளம்பும்போது கேட்டார். "எழுதிற ஆளோ பிள்ளை?" ஆமாம் என்றேன். "எழுதுங்கோ. பேர் போடாதேங்கோ. படம் வேண்டாம். பிறகு வந்து கேப்பினம், ஆர் வந்தது, என்ன கேட்டதெண்டு." இதைச் சொல்லிவிட்டு என் கன்னத்தைத் தொட்டு, "கவனமாப் போட்டு வாங்கோ" என்றார். நான் கவனமாக இருக்க வேண்டுமாம்.

புதுக்குடியிருப்பு தாண்டி முள்ளிவாய்க்கால். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் நந்திக்கடல் நீரேரி, நடுவில் ஒடுங்கிய மணல். வரைபடத்தில் எத்தனை தடவை பார்த்திருந்தாலும், அந்த இடத்தில் நின்றால்தான் அது எவ்வளவு ஒடுக்கம் என்று தெரிகிறது. பாதுகாப்பு வலயம் என்று அரசு அறிவித்து சனத்தை வரச்சொன்ன நிலம். போரின் கடைசி மாதங்களில் 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது. மே 18 அன்று இங்கே உப்புக்கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார்கள், அந்தக் கடைசி நாட்களில் சாப்பிடக் கிடைத்தது அதுதான் என்பதற்காக. இன்று நினைவிடத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாயும்தான். தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். சுடுமணல். நானும் கழற்றினேன்.

வட்டுவாகல் பாலம் தண்ணீரோடு தண்ணீராகக் கிடக்கிறது. ஒரு வண்டி அகலம், பல இடத்தில் ஓரச்சுவர் இல்லை. எதிரில் லொறி வந்தால் ஒருவர் கரையிலேயே நிற்க வேண்டும். நாங்கள் நின்றோம். இறால் பிடிக்கிறவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் வலையோடு நின்றார்கள். தம்பி இன்ஜினை அணைத்துவிட்டு, "நாங்களும் இதாலதான் வந்தனாங்கள்" என்றான். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

நான்கரைக்குக் கிளம்பி ஆறரைக்குக் கிளிநொச்சி. யானை பார்க்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய். கொக்குவில்

காலையில் ரயிலில் திரும்பினேன். வந்ததும் காய்ச்சல். அம்மா நெற்றியைத் தொட்டவுடனேயே டெங்கு என்று முடிவு செய்து மருந்தகத்துக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் இழுத்துக்கொண்டு போனார். டெங்கு இல்லை, வெயில்தான். ஆனால் அவர் பயம் நியாயம். அங்கே டெங்கு சாதாரணமாக வருகிறது. மாலைக் கொசுவுக்குக் கைநீளச் சட்டை போடுங்கள், தண்ணீரைக் கொதிக்க வைத்தோ போத்தலிலோ குடியுங்கள். அவசரம் என்றால் 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும், காசு இல்லை. இந்தியா கொடுத்த உதவியில் 2016இல் தெற்கில் தொடங்கி 2018இல் வடக்குக்கும் வந்தது. அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர் மாரடைப்பில் அதனால்தான் பிழைத்தார். பொலிஸுக்கு 119. ட்ரோன் கொண்டுபோக வேண்டாம், அதற்கு முன் அனுமதி வேண்டும்.

நாள் முழுக்கப் படுத்திருந்தேன். மாலையில் ஒடியல் கூழ். ஒடியல் மாவு (காய்ந்த பனங்கிழங்கு மாவு), மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மிளகாய், பழப்புளி. பிலாவிலையைக் கோலி, ஈர்க்குக் குத்திக் கரண்டியாக்கி அதில் ஊற்றிக் குடித்தோம். அக்கம்பக்கத்திலிருந்து ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். கூழ் காய்ச்சினால் தனியாகக் குடிக்கிற வழக்கம் இல்லையாம். முல்லைத்தீவில் என்ன பார்த்தேன் என்று யாரும் கேட்கவில்லை. காய்ச்சல் விட்டதா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

அவர்கள் போன பிறகு போனை எடுத்துப் படங்களைப் பார்த்தேன். 312 இருந்தன. ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினேன். ஓட்டோ நம்பர் தெரிகிற படங்கள் முதலில். தம்பி நினைவிடத்தில் நிற்கிற படம், பின்பக்கம்தான், இருந்தாலும் அழித்தேன். சோப்புத் தந்த வீட்டின் படலை. கடைசியில் மிஞ்சியவை கடல், கீரிமலைக் கேணி, இடியப்பம், தலையில்லாத பனைகள், நூலகத்து நாற்காலி.

ஜூலை 9, புதன். பலாலி, சென்னை

அம்மா விடிவதற்கு முன்பே எழுந்து கட்டிவைத்திருந்தார். பருத்தித்துறை வடை இரண்டு பை, பனங்கட்டி, மிளகாய்த்தூள் ஒரு கிலோ. விமான எடைக்கு மேலே போய்விடும் என்றால், "உடுப்பை விட்டிட்டுப் போங்கோ" என்றார். இரண்டு சேலையை விட்டுவிட்டு வந்தேன்.

விமான நிலையத்துக்கு வேறொரு ஓட்டோ வந்தது. முதல் நாள் வந்த அண்ணன் ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவருக்கு வேறு ஹயர் (சவாரி) இருக்கிறதாம். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தார்.

சென்னையில் இறங்கி வீடு போய்ச் சேர்ந்தபோது மணி நான்கு. சொன்னபடி போன் பண்ணினேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"வந்து சேந்திட்டியளோ பிள்ளை?"

"சேர்ந்துட்டேன் அம்மா. அந்த அண்ணனுக்கு என்னால ஏதாவது பிரச்சினை வந்ததா? யாராவது வீட்டுக்கு வந்து கேட்டாங்களா?"

கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"அதெல்லாம் போனில கதைக்க வேண்டாம் பிள்ளை" என்றார். "வடை நொறுங்காமல் வந்ததோ?"